கூரைக்கு அடியில ஒரு ரூம்

வா மேகலா, வா கண்ணு. அம்மிணியையும் கூட்டிட்டு வந்துட்டயா, நல்லதாப் போச்சு. என்ன, இந்த மாடிப்படிக்கே மூச்சு வாங்குது. அப்ப அங்க போயி என்ன பண்ணுவே? ஏ அம்மிணி, நீ அந்த டிவி முன்னால உக்காந்துக்கோ. பெரியம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுத் தாரேன். மாவு ரெடியா இருக்குது, அடுப்புல எண்ணெயும் வெச்சுட்டேன். சிம்முலதான் எரியுது. அது காயறதுக்குள்ள நாம பேசி முடிச்சுப்போடலாம்.

உன்ற வீட்டுக்காரர் எங்கூட்டுக்காரர்கிட்ட நேத்தே சொன்னாராமா. அவரு எங்க என்கிட்டச் சொன்னாரு, நான் பால்கனியில நின்னு காதுல வாங்குனதுதான். கம்பெனிக்காரன் உன்ற வீட்டுக்காரருக்கு மட்டும் ரூம் குடுக்கறான், பொண்டாட்டி புள்ளைக வந்தா சொந்தச் செலவுல பாத்துக்கோணும். அதான? அதுவும் ஃப்ரான்ஸுல ஸ்ட்ராஸ்பர்க். நீ சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கே. இந்தத் தெருவுல எத்தனை பேரு ஃபாரின் போயிட்டு வந்தாங்க. எல்லாரும் டூர்காரன் கையில பணத்தைக் கொட்டிட்டு, பஸ்ஸுல உக்காந்து கண்ணாடி வழியாப் பாத்துட்டு வந்தவங்க. சொந்தமா ரூம் தேடி, சொந்தமாச் சமைச்சுச் சாப்புட்டு, ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்தது நான் ஒருத்திதான். முப்பது வருஷம் லேடீஸ் ஹாஸ்டல் வார்டனா இருந்தவ கண்ணு நானு. ஒரு ரூம்ல என்ன இருக்கோணும், என்ன இல்லாட்டிப் பரவால்லன்னு எனக்கு ஒருத்தன் வந்து சொல்லோணுமா?

எங்க தரணி அங்கதான் படிக்கறான்னு உனக்குத் தெரியும்ல. அவன் தங்கியிருக்கற எடத்துல வெளியாளுகளைச் சேக்கமாட்டாங்க, பெத்தவங்களா இருந்தாலும் சரி. அதனாலதான் ரூம் பாக்க வேண்டியதாப் போச்சு. அவன் சொன்னான், அம்மா, ஸ்டேஷன் பக்கத்துல புதுசாக் கட்டுன ஹோட்டல் இருக்குது, லிஃப்ட் இருக்குது, அங்க போட்டர்றேன்னு. நான் வேண்டாம்னுட்டேன். பழைய ஊரைப் பாக்கறதுக்குன்னே அவ்வளவு தூரம் போறோம், போயிப் புதுக் கட்டடத்துல படுத்துட்டு வர்றதா?

எழுதிக்க வேண்டாம், சும்மா கேட்டுக்கோ. ரூம் தேடறப்போ மொதல்ல மேல் மாடியாப் பாக்கோணும். லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பாக்கோணும். தங்குனவங்க எழுதியிருப்பாங்க பாரு, அதைப் படி. படி ஜாஸ்தி, ரூம் சின்னது, பொட்டியைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள உசுரு போயிருச்சுன்னு எவனாவது திட்டி எழுதியிருந்தா அதுதான் நமக்கு ரூம். அப்படித்தான் நான் புடிச்சேன். ஊர் நடுவுல ஒரு பெரிய சர்ச்சு, அதுக்குப் பின்னால ஒரு சந்துக்குள்ள. எல்லாம் மர வீடுக மேகலா. நம்ம பக்கம் ஓட்டுக்கு அடியில சட்டம் போடுவோமே, அங்க சுவத்துலயே சட்டம் போட்டிருக்கான். குறுக்கயும் நெடுக்கயும் கருப்புக் கருப்பா மரம், நடுவுல சுண்ணாம்பு. எத்தனையோ நூறு வருஷமாம். ஒண்ணோட ஒண்ணு தோள்ல சாஞ்சுட்டு நிக்கற மாதிரி நிக்குது.

எங்க ரூம் கூரைக்கு அடியில. கூரை சாஞ்சு வந்து கட்டல் மேல எறங்கும், சட்டுனு எந்திரிச்சா நெத்தி இடிக்கும். சன்னலும் கூரையிலதான், ஒரு பொட்டி அளவு. மேல போறதுக்கு ஒரே படிக்கட்டு. மரப்படி, திருகித் திருகிப் போகும், எதுத்தாப்புல ஒருத்தர் வந்தா நாம சுவத்தோட ஒட்டி நிக்கோணும். ஏறறப்போ க்ரீச்சு க்ரீச்சுன்னு சத்தம். எங்கூட்டுக்காரர் மொத நாளே அந்தப் படியைப் பாத்துட்டு, சாந்தா, எறங்கறதுக்கு வேற வழி இல்லையாட்ட இருக்குதேன்னாரு. ஏறுனவங்களுக்கு எறங்கத் தெரியாதான்னு கேட்டேன். அவருக்கு அப்படித்தான். நூல் மில்லுல இருந்த மனுஷன், பஞ்சுக்குள்ளயே காலம் தள்ளுனவரு. எங்க போனாலும் வெளிய போற வழி எங்கன்னுதான் மொதல்ல பாப்பாரு. கல்யாண மண்டபத்துலயே அப்படிப் பாக்கற ஆளு.

என்ன, மேல பாக்கறே? ஆமா, அதேதான். பொகை வந்தாக் கத்தற மிஷின். வந்ததும் அவரே போயி வாங்கிட்டு வந்து, அவரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டுனாரு. ஹால்ல ஒண்ணு, படுக்கற ரூம்ல ஒண்ணு, சமையக்கட்டு வாசல்ல ஒண்ணு. ஒரு தாளிப்புப் போட முடியறதில்ல எனக்கு. கடுகு வெடிச்சா அது கத்துது, அது கத்துனா இவரு வந்து நின்னுக்கறாரு. ஏனுங்க, நாம என்ன பெட்ரோல் பங்க்கா நடத்தறோம்னு கேட்டேன். வாயே தொறக்கமாட்டேங்கறாரு. அங்கிருந்து வந்ததுல இருந்தே அப்படித்தான். அந்த ஊர்க் குளிரு ஒத்துக்கலைன்னு நெனைக்கறேன். டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனேன், பிபி சரியா இருக்குது, சுகர் சரியா இருக்குது, ஏதோ வெசனம்ங்கறாரு டாக்டர். என்ன வெசனம்? பையன் ஃபாரின்ல படிக்கறான், சொந்த வீடு, சீக்கில்லாத உடம்பு. என்ன வெசனம்னு நீயே சொல்லு. உள்ளதான் இருக்காரு. நாம பேசறதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருப்பாரு, இருக்கட்டும்.

சமையலுக்கு வாரேன். அதுதான் முக்கியம். ரூம்ல எவ்வளவு மிச்சம் புடிச்சாலும் ஹோட்டல்ல சாப்புட்டா எல்லாம் போயிரும். அதுவும் அங்க போயி ரெண்டு நேரம் ரொட்டியைக் கடிச்சா மூணாம் நேரம் உனக்கே அழுவாச்சி வந்துரும். நான் சின்ன இண்டக்ஷன் ஸ்டவ் ஒண்ணு, ஒரு குக்கர், அரிசி, பருப்பு, மொளகாய், பூண்டு எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டேன். கச்சாயமும் ஒரு டப்பா நெறைய. ரூம்ல சமைக்கக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னால எழுதித்தான் ஒட்டியிருந்தான். எங்கதான் ஒட்டல? என்ற ஹாஸ்டல்லயும் ஒட்டித்தான் வெச்சிருந்தேன். புள்ளைக நூடுல்ஸ் வெக்கறது எனக்குத் தெரியாதா என்ன?

போன அன்னிக்கே அரிசிம்பருப்பு சாதம் பண்ணலாம்னு பூண்டும் மொளகாயும் தாளிச்சேன். அவ்வளவுதான், மேல இருந்து ஒரு சத்தம் பாரு. காது கிழிஞ்சுது. கீழ இருந்து அந்த ஹோட்டல்கார அம்மா ஓடியாருது, அத்தனை படியும் ஏறி, பாவம், வயசானவங்க. மூச்சு வாங்க நின்னுட்டு ஃப்ரெஞ்சுல என்னென்னமோ சொல்லுது. கையைக் கூரைப் பக்கம் காட்டுது, மரத்தைத் தட்டிக் காட்டுது, ரெண்டு கையையும் சேத்துக் கன்னத்துல வெச்சுத் தூங்கற மாதிரி காட்டுது. தரணிக்குப் போன் போட்டுக் குடுத்தேன். அவன் கேட்டுட்டுச் சொன்னான், அம்மா, அது பழைய கட்டடம், மரம், எல்லாரும் தூங்கற எடம், தயவு பண்ணிச் சமைக்காதீங்கன்னு கேட்டுக்கறாங்கன்னு. சரி சரின்னு கும்புட்டு, நாலு கச்சாயத்தைக் கையில குடுத்து அனுப்புனேன். சாப்புட்டுட்டுச் சிரிச்சுட்டுப் போச்சு அந்தம்மா. நல்ல மனுஷி.

எண்ணெயா? அது கெடக்குது கண்ணு, சிம்முலதான் இருக்குது. கச்சாயத்துக்கு எண்ணெய் நல்லாக் காயோணும்.

அப்பறம் ஒக்காந்து யோசிச்சேன். ஊருக்கு வந்தாச்சு, அரிசி இருக்குது, ஸ்டவ் இருக்குது, இந்த ஒரு மிஷினுக்குப் பயந்துட்டுப் பட்டினி கெடக்கறதா? பொட்டியைத் தொறந்தேன், தொப்பி கண்ணுல பட்டுது. தலை நனையாம குளிக்கறதுக்குப் போட்டுக்குவோம்ல, ஓரத்துல எலாஸ்டிக் வெச்ச பிளாஸ்டிக் தொப்பி. காந்திபுரத்துல வாங்குனது, ஜோடியா வரும். ஒண்ணு நான் தலைக்கு வெச்சிருந்தேன், இன்னொண்ணு பிரிக்காமக் கெடந்துது. அந்த மிஷின் அளவுக்கே செஞ்ச மாதிரி இருந்துது மேகலா. கச்சுனு புடிச்சுக்குச்சு. வெள்ளைக் கலரு வேற, கூரையும் வெள்ளை. ஒரு உத்தரத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது மிஷின், எட்டிப் பாத்தாத்தான் தெரியும். ரூம் கூட்ட வந்த புள்ள கூடக் கண்டுபிடிக்கல.

எங்கூட்டுக்காரர்தான் சேர் மேல ஏறி மாட்டுனாரு. எனக்குக் கை எட்டல. மாட்டறதுக்குள்ள அவரு பண்ணுன அழும்பு இருக்குதே. சாந்தா, இதை மூடக்கூடாது சாந்தான்னு சேர் மேல நின்னுட்டே சொல்றாரு. மில்லுல ஒரு தடவ அப்படி ஆச்சு, இப்படி ஆச்சுன்னு பழைய கதையெல்லாம் எடுக்கறாரு. ஏனுங்க, நாலு நாளைக்கு மில்லை மறந்துட்டு இருங்கன்னேன். சரி, சமைக்கற நேரத்துக்கு மட்டும் போட்டுட்டு அப்பறம் கழட்டிர்றேன்னாரு. தெனமும் மூணு நேரம் சேர் மேல ஏறி எறங்கி முட்டியை ஒடைச்சுக்காதீங்க, காலி பண்றப்போ ஒரேடியாக் கழட்டிக்கலாம்னு சொல்லிட்டேன். அவரு நல்லதுக்குத்தான சொன்னேன்?

தரணி ஒரு நாள் சாப்புட வந்தவன் அதைப் பாத்துட்டான். பாத்ததும் மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. இதெல்லாம் இங்க குத்தம்மா, எடுங்கன்னான். எடுத்தர்றேன்டான்னேன். சாதத்தை நல்லா ஒரு புடி புடிச்சான் ஆனா. ரெண்டு தடவ போட்டுட்டுச் சாப்புட்டான்.

இப்ப முக்கியமான வெசயம் சொல்றேன் கேளு. சனி ஞாயிறு அங்க ரூம் வாடகை ரெட்டிப்பாயிரும். அதனால வெள்ளி ராத்திரியோட அந்த ஊர்ல முடிச்சுக்கோணும். ஆத்துக்கு அந்தக் கரை ஜெர்மனி. கெஹ்ல்னு ஒரு சின்ன ஊரு. டிராம்ல ஏறுனா நேரா கொண்டுபோயி விட்டுரும், பாலம் தாண்டுனா வேற நாடு, பாதி வாடகை. எத்தனை பேருக்கு இது தெரியும்னு நெனைக்கறே? சனிக்கிழமை காலையில காலி பண்ணிட்டு அங்க போயிட்டோம். எங்கூட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு நாள் அங்கயே இருக்கலாம்னு ஆசை. சர்ச்சுல ஒரு கடியாரம் இருக்குது, அதுல பொம்மையெல்லாம் வெளிய வந்து போகும், அதை ஞாயித்துக்கெழமையும் பாக்கோணும்னாரு. டிராம்ல வந்து பாத்துக்கலாம் வாங்கன்னேன். அன்னிக்கு மட்டும் அவரு பேச்சைக் கேட்டிருந்தேன்னா நான் இன்னிக்கு உன்கூட ஒக்காந்து பேசிட்டு இருக்கமாட்டேன் கண்ணு. அதைத்தான் சொல்ல வாரேன்.

காலி பண்ற அன்னிக்கு ஒரே ஓட்டம். நேரத்துக்குள்ள சாவி குடுக்காட்டி அதுக்கொரு காசு கேப்பான். அவரைப் பொட்டி ரெண்டையும் தூக்கிட்டு மொதல்ல கீழ எறங்கச் சொன்னேன். நான் ஸ்டவ்வைச் சேலையில சுத்தி எடுத்துட்டு, ரூமைப் பூட்டிட்டுப் பின்னாலயே வந்தேன். கீழ வந்து சாவியைக் குடுத்தா, இவரு மறுபடியும் படியில கால் வெக்கறாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன். மேல ஒரு வேலை இருக்குது சாந்தா, மறந்துட்டேன், ஒரு நிமிஷத்துல வந்தர்றேன்னாரு. ஏதாவது கைக்குட்டையா இருக்கும், மப்ளரா இருக்கும். சாவி குடுத்தாச்சு, டிராம் வந்துரும், அத்தனை படியும் மறுபடி ஏறி எறங்குவீங்களா, வாங்க பேசாமன்னேன். அப்பவும் ரெண்டு படி ஏறிட்டாரு. நான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். அந்த ஹோட்டல்கார அம்மா நாங்க கெளம்பறதுக்கு முன்னாலயே ரூமை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க பாரு, அவிய அங்கயே ஒக்காந்துட்டு இருக்காங்க. அவிய முன்னால நின்னு சண்டை போட முடியுமா?

ஒரு அம்மாவும் சின்னக் கொழந்தையும். உன்ற வயசுதான் இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. கொழந்தை உன்ற அம்மிணியாட்டமே இருந்துது, கலருதான் வேற. ஒரு மஞ்ச பூட்ஸ் போட்டுட்டு, காலை ஆட்டிட்டு ஒக்காந்திருந்துது. என்ற நெத்திப் பொட்டையே பாத்துட்டு இருந்துது. டப்பாவுல கடைசியாக் கெடந்த கச்சாயத்தை எடுத்துக் குடுத்தேன். இந்தா அம்மிணின்னேன். அதுக்கு என்ன புரிஞ்சுதோ, வாங்கிக் கடிச்சுட்டுச் சிரிச்சுது. அவங்கம்மா என்னமோ சொல்லிக் குடுத்தா, அது மெர்சின்னுது. நன்றின்னு அர்த்தம். எங்க ரூம்தான் அவியளுக்கு. கட்டல் விரிப்பை மட்டும் மாத்திட்டு அப்படியே மேல அனுப்பி வெச்சாங்க. நாங்க தெருவுல திரும்பறப்போ பாத்தேன், மஞ்ச பூட்ஸ் அந்தப் படியில ஏறிட்டு இருந்துது.

அதுக்கு மறுநாள் ஞாயித்துக்கெழமை. இவரு கேட்டாரேன்னு கடியாரம் பாக்க டிராம்ல வந்தோம். சந்து முனையிலயே கயிறு கட்டி வெச்சிருக்கான். போலீஸ், தண்ணி வண்டி. ரோடெல்லாம் கருப்புத் தண்ணி ஓடுது. நனைஞ்ச அடுப்புச் சாம்பல் வாசம் வரும்ல, அந்த வாசம். நிமிந்து பாத்தா எங்க ரூம் சன்னல் இருந்த எடத்துல வானம் தெரியுது.

அங்கயே ஒக்காந்துட்டேன் ரோட்டுல. தரணி வந்து விசாரிச்சான். ரெண்டாவது மாடியில எவனோ கரண்ட் சைக்கிள் பேட்டரியை சார்ஜுல போட்டுட்டுத் தூங்கியிருக்கான், விடியக்காலையில அதுல இருந்து தீ. படிக்கட்டு மரம்தான, பொகை முழுக்க அது வழியா மேல ஏறியிருக்குது. மத்த ரூம்ல எல்லாம் மிஷின் கத்தி, எல்லாரும் முழிச்சு, போட்டது போட்டபடி ஓடி வந்துட்டாங்க. மேல் ரூம்ல மட்டும் கத்தலையாம். அவியளுக்குத் தெரியவே இல்ல. அந்தக் கொழந்தையோட அம்மாவைக் கூரைக்கு ஏணி போட்டு எறக்கிட்டாங்க, பொழைச்சுட்டாங்க. கொழந்தை பொகையிலயே போயிருச்சு.

என்னத்தைச் சொல்றது. பெத்த வயிறு என்ன பாடுபடும். என்ற கையால கச்சாயம் வாங்கித் தின்ன கொழந்தை. ஆனா ஒண்ணு பாரு, அந்த ஊர் மிஷின் லட்சணத்தைப் பாரு. நான் நாலு மொளகாய் தாளிச்சதுக்கு அந்தக் கத்து கத்துச்சு. நெசமாத் தீப்புடிச்சப்போ கத்தல. அதை நம்பி ஒரு ஊரே தூங்குது.

ஒரு நாள் முந்தி நாங்க கெளம்பலைன்னா நாங்கதான் அந்த ரூம்ல. மருதமலையான்தான் எங்களைக் கூட்டிட்டு வந்துட்டான். வந்ததும் மொட்டை போட்டுட்டு வரலாம் வாங்கன்னு இவரைக் கூப்புட்டேன். எதுக்குன்னாரு. தப்பிச்சதுக்குன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு. அவ்வளவுதான், எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

இதுல தரணியைச் சொல்லோணும். அப்படி ஒரு சாவு நடந்திருக்குது, நாங்க ரோட்டுல ஒடைஞ்சு போயி ஒக்காந்திருக்கோம், வந்தவன் மொதல்ல என்ன கேக்கறான் தெரியுமா? தொப்பியைக் கழட்டுனீங்களான்னு கேக்கறான். எந்த நேரத்துல எதைக் கேக்கறதுன்னு இருக்குதுல்ல? அப்பாகிட்டச் சொல்லியிருந்தேன்டா, கழட்டியிருப்பாருன்னேன். அவன் அப்பாவைப் பாத்தான். அவரு தன் ரெண்டு கையையும் பாத்துட்டு ஒக்காந்திருந்தாரு. அன்னில இருந்தே அவியளுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. இப்பப் போன் பண்ணுனாலும் அவன் எடுக்கறதில்ல. ரூம் அவன் பேர்ல போட்டதுனால போலீஸ்காரங்க அவனைத்தான் அடிக்கடி கூப்புட்டு விசாரிக்கறாங்களாமா. என்னடா கேக்கறாங்கன்னேன், நீங்க யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்கம்மான்னு வெச்சுட்டான். நாங்க அங்க தங்குனவங்க, சாட்சி மாதிரி ஏதாவது கேப்பாங்களா இருக்கும். நான் பேசுனா நல்லாத்தான் சொல்லுவேன், அந்த மிஷின் எப்பக் கத்தும் எப்பக் கத்தாதுன்னு. எங்க விடறான்?

நீ பயந்துக்காதே. நான் சொல்றதெல்லாம் எதுக்குன்னா, அந்த ஹோட்டல் இப்ப இல்ல, மூடிட்டாங்க. ஆனா அதே மாதிரி நெறைய இருக்குது. ராத்திரி நானே தேடிப் பாத்து ஒண்ணு புடிச்சு வெச்சிருக்கேன் உனக்கு. ரெண்டு சந்து தள்ளி, இதே மாதிரி மர வீடு, கூரைக்கு அடியில, அம்மிணிக்குச் சன்னல்ல இருந்து நாரை கூடு கட்டியிருக்கறது தெரியும். படி ஜாஸ்தின்னு எல்லாரும் திட்டியிருக்காங்க. அப்படின்னா நல்ல ரூம்னு அர்த்தம். என்ற ஸ்டவ்வையும் நீ எடுத்துட்டுப் போ. நான் இனி எங்க போகப் போறேன், இவரு இப்படி இருக்கறப்போ.

இரு, அந்தப் பையையும் கொண்டாரேன். அப்படியேதான் வெச்சிருக்கேன், வந்ததுல இருந்து பிரிச்சுக்கூடப் பாக்கல. இந்தா ஸ்டவ்வு. இது குக்கரு, மூடி இங்க இருக்குது. பூண்டு நசுக்கற கல்லு. இந்தா தொப்பி, இதை மறக்கவே கூடாது, இது இல்லாட்டி அங்க ஒரு ரசம் வெக்க முடியாது.

ஒண்ணுதான் இருக்குது.

இதுல ரெண்டு இருக்கோணுமே. ரெண்டும் இந்தப் பையிலதான் இருக்கோணும், வேற எங்கயும் நான் வெக்கல. இது நான் தலைக்குப் போட்டது. மோந்து பாரு, என்ற தேங்கா எண்ணெய் வாசம் இன்னும் இருக்குது. அப்ப அது எங்க? அவரு கழட்டியிருப்பாரு. பொட்டியைத் தூக்கறதுக்கு முன்னால கழட்டிட்டுத்தான் கீழ எறங்கியிருப்பாரு. கழட்டிக் குப்பையில போட்டிருப்பாரு. நான் சொல்லியிருந்தேன், தலையை ஆட்டுனாரு. ஆட்டுனாருல்ல? எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, ஆட்டுனாரு. அவருக்கு எதையும் எடுத்த எடத்துல வெக்கற பழக்கமே கெடையாது மேகலா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான்.

என்ன கண்ணு, ஒரு மாதிரி பாக்கறே? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. தண்ணி கொண்டாரட்டுமா?

என்ன வாசம் அது?

ஐயோ, எண்ணெய். பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன். சிம்முலதான வெச்சேன், கையி தட்டித் திரும்பிருச்சாட்ட இருக்குது. மிஷின் கத்துது பாரு, ஆரம்பிச்சிருச்சு பாரு. காதைப் பொத்திக்கோ. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அடுப்பை அணைச்சுட்டேன், வெறும் பொகைதான். சட்டி கருகிப் போச்சு, அவ்வளவுதான்.

ஏனுங்க. ஏனுங்க, கொழந்தையை எங்க தூக்கறீங்க? ஒண்ணுமில்லைங்க, எண்ணெய் காஞ்சிருச்சு, அவ்வளவுதான். விடுங்க, அது மெரண்டு அழுவுது பாருங்க. செருப்பு கூடப் போடாம, ஏனுங்க, மெதுவா, மெதுவா எறங்குங்க, உழுந்தறப் போறீங்க.

எறங்கிட்டாரு. நீ பதறாதே கண்ணு, இங்க வா, இந்தப் பால்கனிக்கு வா. அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு பாரு. நெஞ்சோட எப்படி இறுக்கிப் புடிச்சிருக்காரு பாரு கொழந்தையை. ரோட்டுல போறவங்கெல்லாம் நின்னு பாக்கறாங்க. வாய் அசையுது. என்னமோ சொல்றாரு மேகலா, பேசறாரு. உனக்குக் கேக்குதா?

எறங்கியாச்சு அம்மிணி, எறங்கியாச்சு. கீழ வந்தாச்சு அம்மிணி, கீழ வந்தாச்சு.

அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு நிக்கறாரு. எத்தனை மாசம் ஆச்சு, அவரு வாயில இருந்து நான் நாலு வார்த்தை சேந்தாப்புல கேட்டு. உன்ற அம்மிணி வந்த நேரம் பேசிட்டாரு பாரு. எனக்கு அழுகையே வருது. நீ போ, போயிக் கொழந்தையை வாங்கிக்கோ. குடுக்கமாட்டேன்னுதான் நிப்பாரு, மெதுவாக் கேட்டு வாங்கிக்கோ. படி பாத்து எறங்கு.

அட நில்லு மேகலா. என்ன இப்படி ஓடறே. தொப்பியை மறந்துட்டுப் போறே கண்ணு.